பத்துக்கு நாலு

நான் வேலை செய்யும் சிமெண்ட் ஆலையின் வாசலில், வருகை பதியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், இடுப்புயரக் கம்பம் ஒன்று நிற்கிறது. அதன் தலையில் ஐந்து பொத்தான்கள். கரும்பச்சையில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் முகத்தில் தொடங்கி, சிவப்பில் உதட்டைப் பிதுக்கிய முகத்தில் முடியும். வேலை முடிந்து போகும் ஒவ்வொருவரும் இன்றைய நாள் எப்படி இருந்தது என்று ஏதாவது ஒரு முகத்தைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். டென்மார்க்கின் வடக்கே, கடல் காற்று காதைப் பிய்க்கும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது இந்த ஆலை. இங்கே உள்ளவர்கள் கையுறையைக்கூடக் கழற்றாமல் பச்சையை ஒரு குத்துக் குத்திவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் மட்டும் மூன்று வருடங்களாக அந்தக் கம்பத்தின் முன்னால் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் முகத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்கவும் செய்யாத, அழவும் செய்யாத முகம் அது. எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

காரணம் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு தெருவில். எங்கள் பக்கத்தில் யாரையாவது வழியில் பார்த்தால் "நல்லாருக்கீங்களா?" என்று கேட்போம். கேட்பது மரியாதை. அதற்கு "நல்லாருக்கேன்" என்று பதில் சொல்வது விவரங்கெட்டதனம். "இருக்கேன்", "ஏதோ ஓடுது", "என்னத்தச் சொல்றது போங்க" என்று எதையாவது சொல்லி, கூடவே முழங்கால் வலியையோ மழை இல்லாததையோ கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மகனுக்கு வேலை கிடைத்து, மகளுக்கு வரன் அமைந்து, மோட்டாரில் தண்ணீர் கொட்டுகிற வருடத்தில் முழங்கால் வலி இன்னும் அதிகமாக இருக்கும். கேட்பவருக்கும் இது தெரியும். "அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் "அவனுக்கு என்னா குறைச்சல், முழங்கால் வலிக்குதுங்கிறான்" என்று சரியாக மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவார். இப்படி ஒரு மாவட்டமே கண்ணுக்குப் பயந்து நொண்டிக்கொண்டிருக்கும்.

கண்ணுக்கு மட்டும் பயந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் வேறு பயமும் இருந்தது. எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோப்பில் கூலிக்குப் போனவர்கள். முந்திரிக்கொட்டையை உடைத்து உடைத்து, ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டு அம்மாவின் விரல் நுனிகள் வெந்துபோயின. இன்றைக்கும் ரேஷன் கடை இயந்திரத்தில் அவள் ரேகை விழாது. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு தீபாவளிக்கு அப்பா எனக்கு முழு பேண்ட் தைத்துக் கொடுத்தார். தோப்புக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, நல்லாத்தான் இருக்கீங்க போல" என்றார். அந்த வருடம் கேட்ட கூலி உயர்வு கிடைக்கவில்லை. நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு உயர்வு?

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. வீட்டில் நல்லது எது நடந்தாலும் முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள். மீன் குழம்பு வைத்தால் கதவைச் சாத்துவாள். புதுப்புடவை எடுத்துவந்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் பையைப் பிரிப்பாள். நான் டிப்ளமோவில் முதல் வகுப்பில் தேறியதைச் சொன்னபோது, போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்து, என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, வழக்கமான சிடுசிடுப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் "ஏதோ பாஸாயிட்டானாம்" என்றாள். எங்கள் வீட்டில் சந்தோஷம் என்பது சாத்திய கதவுக்குப் பின்னால், அரைமணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டிய காரியம்.

இப்படி வளர்ந்தவன் டென்மார்க்குக்கு வந்தால் என்ன ஆகும்? இங்கே ஜன்னல்களுக்குத் திரைச்சீலையே கிடையாது. வந்த புதிதில் நானும் என் மனைவி செல்வியும் சாயங்காலம் நடக்கப் போனால் தலையைக் குனிந்துகொண்டே போவோம். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கைப் போட்டு, மேசையில் மெழுகுவத்தியும் ஏற்றி, குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும். தட்டில் என்ன இருக்கிறது என்பதுவரை தெருவுக்குத் தெரியும். "இதுங்களுக்கெல்லாம் வயித்தவலியே வராதாங்க?" என்று செல்வி ஒருநாள் கேட்டாள். அவள் ஜெயங்கொண்டத்துக்காரி, அவள் வீட்டிலும் இதே பாடம்தான். நாங்கள் முதல் சம்பளத்தில் வாங்கியது குளிருக்கான கோட்டு இல்லை, கனமான திரைச்சீலை. தெருவிலேயே திரை போட்ட வீடு எங்களுடையதுதான். எங்களுக்குள் ஏதோ பிரச்சினை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டதாகப் பிற்பாடு தெரிந்தது.

நான் முன்பு ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் பத்து வருடம் இருந்தவன். சுண்ணாம்புக்கல்லைச் சுடும் பெரிய சூளையை, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் வேலை. இங்கேயும் அதே வேலைதான். சூளைக்கு பாஷை கிடையாது, அரியலூர் நெருப்பும் டென்மார்க் நெருப்பும் ஒரே சூட்டில்தான் கல்லைச் சுடுகின்றன. வேலையில் ஒருநாளும் தடுமாறியதில்லை. நான் தடுமாறிய இடம் வேறு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கெல்லாம் ஒரு ஃபாரம் வரும். அதற்கு ட்ரிவ்ஸல் ஃபாரம் என்று பெயர். ட்ரிவ்ஸல் என்றால் செழிப்பாக இருப்பது. தொட்டியில் செடி நன்றாக வந்தாலும் அதே வார்த்தைதான், தொழிலாளி நன்றாக இருந்தாலும் அதே வார்த்தைதான். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நீ எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்று அதில் கேட்டிருக்கும். முதல்முறை நான் ரொம்ப யோசித்தேன். நம் கணக்கில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அதாவது பத்துக்கு மூன்றரை. அதற்குமேல் அரை மார்க் சேர்த்து, நாலு போட்டேன். போட்டுவிட்டு, கொஞ்சம் அதிகமாகப் பெருமையடித்துவிட்டோமோ என்று அன்றைக்கு முழுக்க மனசு உறுத்தியது.

பெயர் போட வேண்டாம், எல்லாம் ரகசியம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர். நாலு பேர் எட்டும் ஒன்பதும் போடுகிறார்கள், ஒருவன் மட்டும் விடாமல் நாலு போடுகிறான். கண்டுபிடிக்க மோப்ப நாய் தேவையில்லை. போன மார்கழியில் எங்கள் மேலாளர் கிர்ஸ்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அறைக்குள் போனதும் அவள் செய்த முதல் காரியம் மேசைமேல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தது. இங்கே மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் அப்படி ஏற்றுவார்கள். எங்கள் பக்கம் பட்டப்பகலில் ஒருவன் எதிரே விளக்கு ஏற்றினால் அவன் உட்கார்ந்திருக்க மாட்டான், படுத்திருப்பான்.

"நீ இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நேருக்கு நேராக, கண்ணைப் பார்த்து. என் வாய் அதுவாகவே "ஏதோ போகிறது" என்றது. தலை அதுவாகவே இரண்டு பக்கமும் ஆடியது. கிர்ஸ்டன் அதை எழுதிக்கொண்டாள். "ஏதாவது கஷ்டமா?" என்றாள். கஷ்டம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் நன்றாக இருக்காதே என்று, "குளிர்தான்..." என்று இழுத்தேன். "முழங்கால் வேறு." அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் தேங்கியது. பிறகு ரொம்ப மென்மையாக விஷயத்தைச் சொன்னாள். குளிர்காலம் முடியும்போது என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் இங்கே இவ்வளவு வருத்தத்தோடு இருக்கும் ஒரு மனிதனைப் பிடித்து வைத்துக்கொள்வது அநியாயம் இல்லையா? "மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வா. நீ எங்கே மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்று யோசி. நீ அங்கே இருக்கும்போதே அடுத்த ஃபாரம் வரும். உண்மையான பதிலைப் போடு. அதைப் பார்த்து முடிவு செய்வோம்." ஊரில் வேலையை விட்டுத் தூக்குகிறவர்கள் கத்திக் கூச்சல் போட்டுத் தூக்குவார்கள், எதிர்த்து நாமும் கத்தலாம். அன்பாகத் தூக்குகிறவர்களிடம் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடு போகும். செல்வி அப்போதுதான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அன்றைக்கு முகம் செத்துப்போய்க் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பியதும், பக்கத்து நாற்காலி யென்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். யென்ஸுக்கு என் வயதுதான். வடக்குக் கோடியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். அவனிடம் ஒரு விசித்திரம் உண்டு. புதுப்படகு வாங்கிய மறுநாள் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "மோசம் என்று சொல்ல முடியாது" என்றான். அவன் மனைவிக்குக் கட்டி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் "இதைவிட மோசமாக இருந்திருக்கலாம்" என்றான். நம்ம ஆண்டிமடத்து ஆள் எப்படியோ வெள்ளைத்தோலோடு பிறந்துவிட்டான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஃபாரத்தில் எத்தனை போடுவாய்?" என்று கேட்டேன்.

"ஒன்பது."

"வாயால் சொல்லும்போது மட்டும் மோசமில்லை என்கிறாயே?"

"மனிதர்களிடம் சொன்னால் பெருமையடிப்பது போல் ஆகிவிடும்" என்றான். "ஃபாரம்தானே, அதற்கு என்ன கண்ணா இருக்கிறது?"

இங்கேதான் எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கடல் இருப்பது புரிந்தது. எங்கள் ஊரில் மனிதர்களைவிட ஃபாரத்துக்குத்தான் கண் அதிகம். வீட்டில் டிவி இருக்கிறதா, வண்டி இருக்கிறதா, கூரையா தளமா என்று கேட்டுக்கொண்டு யாராவது ஃபாரத்தோடு வந்தால், அம்மா டிவிமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு இருமத் தொடங்கிவிடுவாள். ஃபாரத்தில் நன்றாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உருப்பட்டவன் எங்கள் தெருவில் ஒருவன்கூட இல்லை.

தை மாதம் ஊருக்குப் போனேன். செல்விக்குப் புது வேலையில் லீவு இல்லை, நான் மட்டும்தான். டென்மார்க்கில் வெண்ணெய் தின்று எட்டுக் கிலோ கூடியிருந்தேன். பேண்ட் பொத்தான் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் நின்று, "என்னாடா இப்படி எளச்சுட்ட!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். எதிர்வீட்டு அக்கா என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா, துரும்பாயிட்டான்" என்றாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக, நான் சொல்லாமலேயே என்னைப் புரிந்துகொள்ளும் மனிதர்கள் நடுவில் இருந்தேன். அதுவும் ஒரு சுகம்தான்.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் குரும்பலூரில் அம்மாவின் தம்பி, என் மாமா, சின்ன வெங்காயம் போடுகிறார். யோசித்துவிட்டு வா என்று கிர்ஸ்டன் சொல்லியிருந்தாளே, யோசிக்கிறதுக்கு நாலு பேரைக் கேட்டால்தானே ஆகும் என்று அவரைப் பார்க்கப் போனேன். நான் வரப்பில் வரும்போதே அவர் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. குரலும் நன்றாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முனகலானார். அவருக்குப் பின்னால் பட்டறை நிற்கிறது. வெங்காயத்தைக் காற்றோட்டமாக வைக்க மூங்கில் தட்டி கட்டி, மேலே ஓலை போட்டு, ஆளுயரத்துக்கு நீளமாக அடைத்திருப்பார்கள். அது தெற்கு வேலியிலிருந்து வடக்கு வேலிவரை நிரம்பி வழிந்தது.

"வெள்ளாம எப்படி மாமா?"

"என்னத்தச் சொல்றது மாப்ள. பாதி அழுகிப்போச்சு. ஏதோ வெதைக்கு மிஞ்சினாப் போதும்."

"பட்டறை ரொம்பி நிக்குது?"

அவர் திரும்பிப் பட்டறையை முதல்முறை பார்க்கிற மாதிரி பார்த்தார். "அது வெளித்தோற்றத்துக்கு அப்படித் தெரியும். உள்ள ஒண்ணுமில்ல."

டென்மார்க் ஃபாரத்தைப் பற்றி அவரிடம் விளக்கினேன். பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்டேன். மாமா வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார்.

"பாஸ் மார்க் எவ்ளோ?"

"மூணரை மாமா."

"அப்ப மூணே முக்கால் போட்டுக்க. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லாத." புறப்படும்போது உள்ளே ஒன்றுமில்லாத அந்தப் பட்டறையிலிருந்து ஒரு மூட்டை வெங்காயத்தை இழுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் திருப்பத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது, தலை ஆடிக்கொண்டிருந்தது.

போனில் ஃபாரம் வந்து இரண்டு நாளாகியும் அதைத் திறக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் மதியம், இன்றைக்குள் போட வேண்டும் என்று நினைவூட்டல் வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து மாமா கொடுத்த வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்து, "என்னாடா அது, அதையே பாத்துக்கிட்டிருக்க?" என்றாள். சொன்னேன்.

"இவ்ளோ நாளா எத்தன போட்ட?"

"நாலு."

"நாலா?" கத்தி நின்றது. "அது எதுக்கு அவ்ளோ? மூணு போதாது?"

சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே இருப்பவர்களுக்கு நம் நாலு புரியவில்லை என்றேன். நாலு என்றால் நான் அழுதுகொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். இந்தமுறையும் நாலு போட்டால், பாவம் இவன் ஊரிலேயே நன்றாக இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அம்மா இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தாள். "அனுப்பிட்டா இங்க வந்துருவ."

"ஆமா."

"ரெட்டிபாளையத்துல மறுபடி வேலை கெடைக்கும்ல?"

"கெடைக்கும்."

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். எங்களோடு வந்துவிடு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. "அங்க நான் யாருகூடப் போயிச் சண்டை போடுறது?" என்று கேட்டுத் தட்டிக்கழித்துவிடுவாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நாலைத் தட்டிவிடுவேன். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படிப் பயந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"அங்க நல்லாருக்கியாடா?" என்றாள்.

"ஏதோ ஓடுதும்மா" என்றது வாய்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கையை ஊன்றி எழுந்தாள். போய்த் தெருக்கதவைச் சாத்தி, தாழைப் போட்டாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு."

சொன்னேன். முப்பத்தெட்டு வயதில், சாத்திய கதவுக்குள், எட்டுக் கிலோ கூடிய உடம்போடு சொன்னேன். "நல்லாருக்கேம்மா. ரொம்ப நல்லாருக்கேன்." சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. அங்கே யாரும் என்னை ஏய் என்று கூப்பிடுவதில்லை. மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், அவள் காபி குடித்த கோப்பையை அவளே கழுவி வைக்கிறாள். பெரிய முதலாளியும் நானும் ஒரே மேசையில் ரொட்டி தின்கிறோம். நான் போட்டிருக்கும் பேண்டை யாரும் பார்ப்பதில்லை. நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். செல்வி சைக்கிள் கற்றுக்கொண்டாள், மூன்று தடவை பனியில் விழுந்து எழுந்து, இப்போது எனக்கு முன்னால் போகிறாள். "எதிர்க்காத்துல சைக்கிள் மிதிச்சிக்கிட்டுப் போறப்ப எனக்குப் பாட்டு வருதும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மாவை இங்கே விட்டுவிட்டு எனக்கு அங்கே பாட்டு வருகிறது என்பதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிப்ளமோ தேறிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. வெங்காயம் உரித்த கை, என் கண் எரிந்தது, அவள் கண்ணும் எரிந்திருக்க வேண்டும். "செல்வி சைக்கிள் ஓட்டுறாளா!" என்று அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிறகு போனைப் பிடுங்கினாள். "எங்க இருக்கு பத்து?"

காட்டினேன். விரலால் அழுத்தினாள். வெந்து காய்ந்த விரல், திரை அசையவில்லை. விரலைப் புடவையில் தேய்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள். "ரேஷன் கடைக்காரன் மிஷின் மாரியேதான் இதுவும்" என்று திட்டினாள். கடைசியில் நான் அழுத்தினேன், அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பத்து. எங்கள் குடும்பத்தில் எந்தக் காகிதத்திலும் இதற்கு முன் யாரும் எழுதாத எண்.

எழுதி முடித்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. பத்தாம், அதுவும் எழுத்தில், அதுவும் வெள்ளைக்காரன் பார்க்கிற மாதிரி! காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் கடுகும் ஒரு துணியில் முடிந்து என் பையில் வைத்தாள். "போனதும் சுத்திப் போடணும். மண்ணு மட்டும் இங்கேருந்து குடுக்க மாட்டேன். அந்த ஊருக் கண்ணுக்கு அந்த ஊரு முச்சந்தி மண்ணுதான் எடுக்கணும். செல்வியும் நீயும் உக்காந்து, மூணு சுத்து சுத்தி, நெருப்புல போடுங்க. நெடி வந்துச்சான்னு எனக்குச் சொல்லு." மிளகாய் நெருப்பில் வெடித்தும் நெடி ஏறவில்லை என்றால் அவ்வளவு கண் பட்டிருக்கிறது, அத்தனையையும் மிளகாய் விழுங்கிவிட்டது என்று பொருள். தும்மலும் இருமலும் வந்தால் உன்மேல் யாரும் கண் வைக்கவில்லை. பேச்சை முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்து, கதவைத் திறந்து வெளியே போனாள். "அங்க என்னா குளிராம், புள்ள படாதபாடு படுது" என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்வது உள்ளே கேட்டது.

திரும்பிப் போன அன்றைக்கே கிர்ஸ்டன் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாலிலிருந்து பத்து! "ஊருக்குப் போனது உனக்கு எவ்வளவு நல்லது செய்திருக்கிறது பார்! உனக்குத் தேவைப்பட்டது ஊரை ஒருமுறை பார்ப்பதுதான். இனி வருடா வருடம் போய்விட்டு வர வேண்டும்" என்றாள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். விளக்கப் புகுந்தால் மறுபடி மெழுகுவத்தி ஏற்றிவிடுவாள். நிரந்தர வேலைக்கான காகிதத்தில் அந்த வாரமே கையெழுத்தானது.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கரண்டியோடு ஆலைக்குப் போகும் முச்சந்திக்குப் போனேன். மண் உறைந்து கல்லாகக் கிடந்தது. மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது யென்ஸ் சைக்கிளில் வந்து நின்றான்.

"எதையாவது தொலைத்துவிட்டாயா?"

"இல்லை, மண் வேண்டும்."

"தோட்டத்துக்கா?"

"சமையலுக்கு" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யென்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மோசமில்லை" என்று சொல்லி மிதித்துப் போய்விட்டான்.

வீட்டில் அம்மாவை வீடியோவில் போட்டு மேசைமேல் சாய்த்து வைத்தோம். அவள் சொல்லச் சொல்ல மூன்று சுற்றுச் சுற்றி, ஆண்டிமடத்து மிளகாயையும் டென்மார்க் மண்ணையும் சேர்த்துக் காய்ந்த இரும்புச் சட்டியில் கொட்டினேன். அவ்வளவுதான். ஒரே நிமிடத்தில் நெடி வீடு முழுக்க ஏறி, கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. செல்வி துண்டை எடுத்து அதற்கு விசிறிக்கொண்டே விடாமல் தும்மினாள். நான் ஓடிப்போய்ப் பின்கதவை விரியத் திறந்தேன். நெடி என்றால் சாதாரண நெடி இல்லை, நெஞ்சைப் பிடுங்குகிற நெடி. மூன்று வருடம் பயந்து பயந்து திரைபோட்டு மறைத்திருக்கிறோம், இந்த ஊரில் ஒருத்தருக்கும் எங்கள்மேல் கண்ணே இல்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

"நெடி வந்துச்சா?" என்று கத்தினாள் அம்மா. மணியின் அலறலில் எங்கள் தும்மல் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. திரையில் அவளுக்குப் பின்னால் தெருக்கதவு சாத்தியிருந்தது.

இருமலை அடக்கிக்கொண்டேன். "இல்லம்மா. துளிக்கூட வரல."

அவள் முகம் அப்படியே பூரித்துவிட்டது. "நான் சொன்னேன்ல? எவ்ளோ கண்ணு பாரு என் புள்ள மேல!" என்று கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு திரைக்குக் கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். "அப்பறம் ஏன்டா கண்ணுல தண்ணி ஊத்துது?"

"குளிரும்மா" என்றேன். "இந்த ஊருக் குளிரு இருக்கே, ஏன் கேக்குற. ஏதோ ஓடுது."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். எத்தனையோ வருடமாக மொழிபெயர்த்துப் பழகியவள். "குளிருன்னா கதவச் சாத்திக்கிட்டு இருங்களேன்டா" என்றாள்.

"சாத்திட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, முகத்தில் மிளகாய்ப் புகையும் முதுகில் டென்மார்க் காற்றுமாக, அடுப்புக்கும் திறந்த கதவுக்கும் நடுவில் இருமிக்கொண்டே நின்றேன்.